கரண்ட் போனால் கவலை இல்லை, பாதி வந்தால்தான் கவலை: காற்று அடித்த மறுநாள் வீட்டில் பார்க்க வேண்டியவை

எங்கள் வீடு பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவில். நாலு பக்கமும் தென்னை, கம்பி தோப்புக்குள் புகுந்துதான் தெருவுக்கு வருகிறது. ஆடிக் காற்றோ ஐப்பசி கார்த்திகைப் புயலோ, கொஞ்சம் பலமாக வீசினால் ஒரு மட்டை கழன்று கம்பியில் விழும், படீரென்று ஒரு சத்தம் கேட்கும், அப்புறம் இருட்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது போன கரண்ட், எங்கள் தெருவுக்குத் திரும்பி வர 23 நாள் ஆனது. அந்த 23 நாளில் வீட்டில் ஒரு சாமான்கூடக் கெடவில்லை. அடுத்த வருடம் ஒரு சாதாரண ஆடிக் காற்றில், கரண்ட் இருந்தபோதே, பத்து நிமிடத்தில் டிவியும் செட்டாப் பாக்ஸும் போயின. அதை அப்புறம் சொல்கிறேன்.

அன்றிலிருந்து என் கணக்கு இதுதான்: சுத்தமாகக் கரண்ட் இல்லாவிட்டால் அவசரமே இல்லை, மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு உட்காரலாம். பாதி வருகிறது, மங்கலாக வருகிறது, ஒரு ரூமில் மட்டும் வருகிறது, வழக்கத்தைவிடப் பளிச்சென்று வருகிறது என்றால் அப்போதுதான் ஓட வேண்டும், அதுவும் மெயினை நோக்கி.

கையில் ஒரு டார்ச், ஒரு டெஸ்டர், பிளக்கில் செருகினால் வோல்ட் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று இருந்தால் போதும். அந்த மீட்டர் சில நூறு ரூபாய்தான், எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும். ஏன் அவசியம் என்றால், முன்பு குண்டு பல்பு மங்கினால் லோ வோல்டேஜ் என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். இப்போதைய எல்இடி பல்பு பல 120 வோல்ட்டிலும் ஒன்றும் நடக்காதது போல எரிந்துகொண்டிருக்கும். அதை நம்பி ஃப்ரிட்ஜைப் போட்டவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். காலில் ரப்பர் செருப்பு, கை ஈரமில்லாமல். ஈபி மீட்டருக்கு இந்தப் பக்கம் இருப்பது நம்முடையது, அந்தப் பக்கம் இருப்பது எதுவும் நம்முடையது இல்லை. சீல் வைத்த ஃப்யூஸ், கம்பத்துப் பெட்டி, சர்வீஸ் ஒயர் எதையும் தொடக் கூடாது, ஐடிஐ படித்த பையன் வீட்டில் இருந்தாலும் சரி.

கம்பி கீழே கிடக்கிறது, அல்லது மட்டை கம்பியில் தொங்குகிறது

வேறு எந்த அறிகுறி இருந்தாலும் இதுதான் முதல். தெரு முழுக்க இருட்டாக இருக்கிறதே, செத்த கம்பிதான் என்று நினைக்க வேண்டாம். காய்ந்த மணலில் கிடக்கும் கம்பி ஃப்யூஸைப் போக்காமல் உயிரோடு அப்படியே கிடக்கும். இல்லையென்றால், சப்ஸ்டேஷனில் அணைத்து வைத்த ஃபீடரை (அங்கிருந்து ஊருக்கு வரும் பெரிய லைனை) சோதனைக்காக ஒரு முறை போட்டுப் பார்ப்பார்கள், அந்த ஒரு நொடி போதும். பத்து மீட்டருக்கு அந்தப் பக்கமே நில்லுங்கள், ஈரத் தரை என்றால் இன்னும் தள்ளி. ஆடு மாடு போகாமல் இரண்டு பக்கமும் ஆள் நிறுத்துங்கள், அப்புறம் போன் செய்யுங்கள். ஏற்கெனவே பக்கத்தில் போய்விட்டோம், காலில் சுருசுருவென்று தெரிகிறது என்றால், ஓடக் கூடாது. அகலமாகக் கால் வைத்தால் இரண்டு காலுக்கும் நடுவில் வோல்டேஜ் கூடும். இரண்டு பாதமும் ஒட்டியபடி, தரையை விட்டு எடுக்காமல் தேய்த்துத் தேய்த்துப் பின்னால் வர வேண்டும்.

தொங்கும் மட்டையைத் துரட்டி போட்டு இழுப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். கோல் மூங்கில்தானே என்பார்கள். மழையில் நனைந்த மூங்கிலில் கரண்ட் தாராளமாகப் பாயும், நுனியில் இருப்பது இரும்புக் கொக்கி வேறு. அலுமினிய ஏணியும் அப்படித்தான். மட்டை தொங்கினால் தொங்கட்டும், லைன்மேன் வரும்வரை அதற்கு ஒன்றும் ஆகாது.

தெருவே இருட்டு

இதில் நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை, ஆனால் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஓரளவு கணிக்கலாம். காற்று பலமாகும்போது பாதுகாப்புக்காக ஈபியே ஃபீடரை அணைத்து வைப்பதுண்டு. அது காற்று அடங்கி, லைன் முழுக்க ஆள் நடந்து பார்த்த பிறகுதான் வரும். மொட்டை மாடியில் ஏறிப் பாருங்கள். பக்கத்து ஊரும் சேர்த்து இருட்டு என்றால் 11 கேவி ஃபீடரோ சப்ஸ்டேஷனோ. உங்கள் தெருவும் அடுத்த தெருவும் மட்டும் என்றால் ட்ரான்ஸ்ஃபார்மர். சரி செய்வதும் மேலிருந்து கீழேதான்: முதலில் சப்ஸ்டேஷன், அப்புறம் 11 கேவி, அப்புறம் ட்ரான்ஸ்ஃபார்மர், அப்புறம் தெருக்கம்பி, கடைசியில்தான் தனி வீடு. ஆஸ்பத்திரி, குடிநீர் பம்ப் இருக்கிற லைன் முந்திக்கொள்ளும். கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் விழுந்தன, கேரளத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து கம்பம் நட்டார்கள். அப்போது எங்கள் தெருவில் தினமும் ஒருவர் போய் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தோம், இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

புகார் சொல்ல மின்னகம் எண் 94987 94987, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். சொல்லும்போது மின் இணைப்பு எண்ணும், பக்கத்துக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணும் சொன்னால் "எங்க சார், எந்தத் தெரு" என்று பத்து நிமிடம் போகாது. இணைப்பு எண்ணை மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் பெயின்டால் எழுதி வையுங்கள், போனில் வைத்தால் சார்ஜ் இல்லாத நேரத்தில் இருக்காது.

எதிர் வீட்டில் எரிகிறது, நம் வீட்டில் இல்லை

நேராக மீட்டரிடம் போங்கள். மீட்டர் திரையில் எண் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் கரண்ட் மீட்டர் வரைக்குமே வரவில்லை: கம்பத்து ஃப்யூஸ், சர்வீஸ் ஒயர் அறுந்தது, கம்பத்தில் முனை கழன்றது, மூன்றில் ஒன்று. போன் செய்துவிட்டுக் காத்திருங்கள். சில மீட்டரில் பட்டனை அழுத்தினால் உள்ளே இருக்கும் பேட்டரியில் எண் காட்டும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள், தானாகத் தெரிய வேண்டும்.

திரை தெரிகிறது, வீட்டில் மட்டும் இல்லை என்றால் கோளாறு நம் பக்கம். மெயின் ட்ரிப் ஆகியிருக்கும், பழைய வீடு என்றால் ஃப்யூஸ் கட்டையில் கம்பி உருகியிருக்கும். கட்டையைப் பிடுங்கும் முன் மெயினை இறக்குங்கள். செம்புக் கம்பியை மூன்று முறுக்கு முறுக்கிப் போட்டால் அடுத்த முறை ஃப்யூஸ் போகாது, ஒயர்தான் எரியும். ஒரு கட்டைக்கு எவ்வளவு தடிமன் என்று கடையில் கேட்டு வாங்கிய ஃப்யூஸ் கம்பிதான் போட வேண்டும்.

த்ரீ ஃபேஸ் இணைப்பு இருக்கிற வீட்டில் சில ரூம் எரியும் சில ரூம் எரியாது. மீட்டரில் மூன்று ஃபேஸுக்கும் தனித்தனிச் சின்னமோ விளக்கோ இருக்கும், எது இல்லை என்று பார்த்தால் அதுதான் போன ஃபேஸ். "பக்கத்து ஃபேஸிலிருந்து ஒரு ஒயர் போட்டுக்கலாமே" என்று யாராவது வருவார்கள். டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

டெஸ்டர் எரிகிறது, ஒன்றுமே ஓடவில்லை

இது நிறையப் பேரைக் குழப்பும். டெஸ்டர் எரிந்தால் ஃபேஸ் வந்திருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், போன கரண்ட் திரும்பிப் போக நியூட்ரல் இருக்கிறதா என்று டெஸ்டருக்குத் தெரியாது. பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் வைத்துப் பாருங்கள், ஒரு பல்போ ஃபேனோ சுவிட்ச் போட்ட நிலையில் இருக்கட்டும். இரண்டிலுமே எரிந்தால் நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது, ஃபேஸ் அந்தப் பல்பு வழியாக நியூட்ரல் ஒயருக்குள் வந்து நிற்கிறது. பல்பு எரியவில்லையே என்று ஹோல்டரைக் கழற்றிக் கை வைத்தால் எந்த ஒயரைத் தொட்டாலும் அடிக்கும். மெயினை இறக்குங்கள். ஒரே ஃபேஸ் உள்ள வீட்டில் இதனால் சாமான் கெடாது, ஆள்தான் கெடுவார். மூன்று ஃபேஸ் வீட்டிலும், தெருக்கம்பியிலேயே நியூட்ரல் போனாலும் கதை வேறு.

ஒரு பக்கம் மங்கல், ஒரு பக்கம் பளிச்

எங்கள் டிவி போன கதை இதுதான். காற்றில் ஒரு மட்டை சர்வீஸ் ஒயர் மேல் விழுந்து இழுத்ததில், கம்பத்தில் நியூட்ரல் முனை மட்டும் கழன்றிருக்கிறது. மூன்று ஃபேஸும் பத்திரமாக இருந்தன. கரண்ட் போகவே இல்லை, அதனால் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பின் ரூமில் தங்கை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், பெட்டி சூடே ஏறவில்லை என்று முனகிக்கொண்டு. கூடத்தில் டிவி, ஒரு ஃபேன், சாமி படத்துக்கு மேலே பழைய குண்டு பல்பு. இரண்டில் வைத்த ஃபேன் ஐந்தில் வைத்தது போலச் சுற்றியது. குண்டு பல்பு வெள்ளை வெளேரென்று, உள்ளே இருக்கும் இழை கண்ணைக் குத்தும் அளவுக்கு. "இன்னைக்கு என்னடா, காத்தடிச்சும் கரண்டு இவ்வளவு நல்லா வருது" என்றார் அம்மா. எனக்கும் லேசாகச் சந்தேகம் வந்தது, என்ன செய்தேன் தெரியுமா, லோடைக் குறைப்போம் என்று போய் ஃபேனை அணைத்தேன். அடுத்த நொடி டிவிக்குப் பின்னால் டப் என்று ஒரு சத்தம், பிளாஸ்டிக் கருகும் வாடை.

ஃபேனை அணைத்ததுதான் தப்பு. ஏன் என்று இப்படிப் பாருங்கள். ஒரே முளைக்குச்சியில் மூன்று மாடு, மூன்று திசையில் கட்டியிருக்கிறது. முளை ஆழமாக இருக்கும்வரை எந்த மாடு எவ்வளவு இழுத்தாலும் மற்ற இரண்டின் கயிற்று நீளம் மாறாது. அந்த முளைதான் நியூட்ரல், கயிற்று நீளம்தான் 230 வோல்ட். முளை பிடுங்கிக்கொண்டால் பலமான மாடு அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், அதன் கயிறு சுருங்கும், சோனி மாட்டின் கயிறு நீளும். லோடு அதிகமுள்ள ஃபேஸில் வோல்டேஜ் இறங்கும், லோடு குறைவான ஃபேஸில் ஏறும். 1500 வாட் ஹீட்டர் ஒரு ஃபேஸில், 100 வாட் டிவியும் விளக்கும் இன்னொரு ஃபேஸில், மூன்றாவதில் ஒன்றுமில்லை என்று வைத்துக்கொண்டால், இரண்டு ஃபேஸுக்கும் நடுவில் உள்ள 400 வோல்ட்டில் டிவிக்குக் கிட்டத்தட்ட 375 போய்விடும். நான் ஃபேனை அணைத்து, சோனி மாட்டை இன்னும் சோனியாக்கினேன்.

அதனால் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வரக் கூடாது. நேராக மெயினுக்குப் போய் ஒரே இழுப்பில் இறக்க வேண்டும். எம்சிபி காப்பாற்றாதா என்றால், அது கரண்ட் அதிகமானால்தான் விழும், வோல்டேஜ் ஏறியதை அது கண்டுகொள்ளாது. தெருக்கம்பியில் நியூட்ரல் அறுந்தாலும் இதே கூத்துதான், ஒரு வீட்டில் மங்கல், எதிர் வீட்டில் பளிச் என்று. அப்போது மெயினை இறக்கிவிட்டு வாசலில் நின்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்துங்கள்.

பல வீட்டில் மங்கல், யார் வீட்டிலும் பளிச் இல்லை

இது பார்க்க முந்தையதைப் போலவே இருக்கும், ஆனால் வேறு. ட்ரான்ஸ்ஃபார்மருக்கு மேலே 11 கேவி பக்கம் மூன்று எச்ஜி ஃப்யூஸ் இருக்கும். காற்றில் கிளை உரசி அதில் ஒன்று போனால், கீழே ஒரு ஃபேஸ் சரியாக வரும், மற்ற இரண்டும் பாதியாகி 115 வோல்ட் பக்கம் நிற்கும். தெருவில் மூன்றில் ஒரு பங்கு வீடுகள் சாதாரணமாக எரியும், மீதி வீடுகளில் ஃபேன் நொண்டும். லோடு மாற்றினால் யார் வீட்டிலும் வோல்டேஜ் தாறுமாறாக ஏறாது, அதுதான் அடையாளம். போன் செய்யும்போது "ரெண்டு ஃபேஸ் டிம், ஒரு ஃபேஸ் நல்லாருக்கு, எச்ஜி போயிருக்கும்னு நினைக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், வருகிறவர் ஃப்யூஸ் கம்பி எடுத்துக்கொண்டே வருவார், ஒரு நடை மிச்சம்.

இந்த நிலையில் சாகப்போவது ஃப்ரிட்ஜ். காதை ஒட்டிக் கேளுங்கள்: ம்ம்ம் என்று ஒரு உறுமல், சில நொடியில் டிக், அமைதி, இரண்டு மூன்று நிமிடம் கழித்துத் திரும்ப உறுமல், டிக். கம்ப்ரஸர் கிளம்பப் பார்க்கிறது, முடியவில்லை, சூடேறி அதன் ரிலே வெட்டுகிறது. இப்படி இரவு முழுக்க விட்டால் காலையில் கம்ப்ரஸரை மாற்ற வேண்டியிருக்கும். பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் வரவில்லை

த்ரீ ஃபேஸ் மோட்டார் என்றால் ஒரு ஃபேஸ் இல்லை என்று அர்த்தம். இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம் என்று ஸ்டார்ட்டரை அழுத்திப் பிடிக்காதீர்கள், அப்படியே விட்டால் நிமிடக் கணக்கில் காயில் கருகிவிடும், அப்புறம் ரீவைண்டிங் கடையில் வரிசை. புயலுக்குப் பிறகு அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். சிங்கிள் ஃபேஸ் மோட்டார் உறுமினால் முதலில் வோல்ட் பாருங்கள், 200-க்குக் கீழே என்றால் விட்டுவிடுங்கள். வோல்ட் சரியாக இருந்தும் உறுமினால் கெபாசிட்டர் போயிருக்கலாம். அதை மாற்றுவது பெரிய செலவில்லை, ஆனால் கழற்றிய கெபாசிட்டருக்குள் கரண்ட் தேங்கி நிற்கும், எலக்ட்ரீஷியனை விட்டே செய்யுங்கள்.

ஆர்சிசிபி நிற்கவே மாட்டேன் என்கிறது

ஆர்சிசிபி என்பது கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச். தூக்கிவிட்டால் டக்கென்று விழுகிறது என்றால் எங்கேயோ கரண்ட் மண்ணுக்குக் கசிகிறது, சாதாரணமாக வீட்டில் இருப்பது 30 மில்லி ஆம்பியருக்கு விழுவது. மழைக் காற்றுக்குப் பிறகு முதலில் சந்தேகப்பட வேண்டியது வெளியே இருப்பவற்றை: கேட் விளக்கு, மாடி விளக்கு, காலிங் பெல், போர் மோட்டார். எல்லா எம்சிபியையும் இறக்குங்கள், ஆர்சிசிபியை ஏற்றுங்கள், நின்றால் ஒவ்வொன்றாக எம்சிபி ஏற்றுங்கள், எதை ஏற்றும்போது விழுகிறதோ அதில்தான் ஈரம். அதை மட்டும் இறக்கி வைத்து மற்றதைப் பயன்படுத்தலாம். பெரும்பாலும் இரண்டு நாள் வெயில் அடித்தால் தானாகச் சரியாகிவிடும், ஆனாலும் அந்தப் பெட்டிக்குள் தண்ணீர் எப்படிப் போனது என்று பார்த்து அடைக்காவிட்டால் அடுத்த மழையில் திரும்ப இதே வேலை.

எல்லா எம்சிபியும் கீழே இருந்தும் ஆர்சிசிபி விழுகிறதா? நம் வீடுகளில் எம்சிபி ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் தொடர்பிலேயே இருக்கும். ஏதோ ஓரிடத்தில் நியூட்ரல் எர்த்தோடு ஒட்டியிருந்தால் இப்படி ஆகும். எல்லா பிளக்கையும் பிடுங்கிப் பாருங்கள், எங்கள் வீட்டில் ஒரு முறை வாஷிங் மெஷின், இன்னொரு முறை தாழ்வாரத்து பிளக் பெட்டிக்குள் எறும்புக் கூடு. அதற்கும் நிற்கவில்லை என்றால் ஆள் கூப்பிட வேண்டியதுதான். தொல்லை தாங்காமல் ஆர்சிசிபியைச் சுற்றி நேரே ஒயர் போடும் ஆட்களும் உண்டு. அடுத்த அறிகுறி அவர்களுக்கானது.

குழாயைத் தொட்டால் சுருக்கென்கிறது

குழாய், கிரில் கதவு, தகரக் கொட்டகை, துணி காயப்போடும் கொடிக்கம்பி, எதில் சுருக்கென்றாலும் மெயினை இறக்கிவிட்டுத் திரும்பத் தொடாமல் டெஸ்டரால் பாருங்கள். மெயினை இறக்கியும் டெஸ்டர் எரிந்தால் கசிவு வீட்டுக்குள் இல்லை, சர்வீஸ் ஒயரில். காற்றில் ஒயர் ஆடி ஆடித் தகர விளிம்பில் உரசினால் மேல்தோல் ஒரு விரல் நீளத்துக்குத் தேய்ந்து உள்ளே அலுமினியம் மின்னும், பகலில் கீழே நின்று பார்த்தாலே தெரியும். கொட்டகை முழுக்க அப்போது கரண்ட். கொடிக்கம்பியை ஈபி கம்பத்திலோ, கம்பத்தை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பியிலோ கட்டுவது இன்னொன்று. ஈரத் துணியும் வெறுங்காலும் சேர்ந்தால் அங்கே பிழைக்க வழியே இல்லை. எங்கள் வீட்டில் கொடிக்கு இப்போது நைலான் கயிறுதான், இரண்டு முனையும் தென்னையில்.

கரண்ட் வந்துவிட்டது, இன்வெர்ட்டர் மட்டும் பேட்டரியிலேயே ஓடுகிறது

இன்வெர்ட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். யூபிஎஸ் மோடில் இருந்தால் அது சுமார் 180 முதல் 260 வோல்ட் வரைதான் ஏற்றுக்கொள்ளும், வெளியே 165 வந்தால் இது கரண்டே இல்லை என்று இருந்துவிடும். பின்பக்கம் மோடு மாற்றும் சுவிட்ச் இருக்கும், நார்மலுக்குத் தள்ளினால் இன்னும் குறைந்த வோல்ட்டிலும் சார்ஜ் ஏறும். வோல்ட் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் பின்னால் சின்ன ட்ரிப் பட்டன் துருத்திக்கொண்டிருக்கும், உள்ளே தள்ளுங்கள்.

விட்டு விட்டுக் கத்தினால் பேட்டரி தீரப்போகிறது. 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரியில் காகிதக் கணக்குக்கு 1800 வாட் மணி நேரம். பேட்டரியின் வயதும் இன்வெர்ட்டர் விழுங்குவதும் போக 1100 கிடைத்தால் அதிர்ஷ்டம். பழைய ஃபேன் ஒன்று 75 வாட், இரண்டு ஃபேனும் மூன்று எல்இடியும் ஓட்டினால் ஆறு மணி நேரம். பிஎல்டிசி ஃபேன் 30 வாட் பக்கம்தான், அதே பேட்டரி இரவு முழுக்கத் தாங்கும். கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிட்டு நாலு நாள் காலியாகப் போட்டால் பேட்டரி திரும்ப எழாது. நீண்ட நாள் வராது என்று தெரிந்தால் பாதியிலேயே அணைத்து மிச்சம் வையுங்கள்.

மாடியில் சோலார் இருக்கிறது, ஆனாலும் கரண்ட் இல்லை

கோளாறு இல்லை. பேட்டரி இல்லாத ஆன்கிரிட் சோலார், ஈபி கரண்ட் போனால் தானும் நின்றுவிடும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். இல்லையென்றால் கம்பத்தில் வேலை செய்கிறவருக்கு உங்கள் மாடியிலிருந்து கரண்ட் போகும்.

ஜெனரேட்டர் போடப் போகிறோம்

கஜாவில் ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாக வந்து டேங்க் நிரப்பிக் காசு வாங்கினார்கள், நாங்களும் கொடுத்தோம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு ஒயரை வீட்டு சாக்கெட்டில் செருக மட்டும் யாரையும் அனுமதிக்காதீர்கள். மெயினை இறக்க மறந்தால் அந்த 230 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மருக்குத் தலைகீழாகப் போய் மேலே கிட்டத்தட்ட பத்தாயிரம் வோல்ட்டாக ஏறும், அங்கே லைன் செத்திருக்கிறது என்று நம்பி ஒருவர் கம்பி கட்டிக்கொண்டிருப்பார். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (ஈபி, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு சேர்ப்பது) இருந்தால் அதன் வழியாக, இல்லையென்றால் மோட்டார் ஒயரை நேரே ஜெனரேட்டரில். மழை என்று தாழ்வாரத்துக்குள்ளோ ஜன்னலுக்குப் பக்கத்திலோ வைக்காதீர்கள், அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, தூங்குகிறவர் தூங்கியபடியே போய்விடுவார்.

ஃப்ரிட்ஜில் இருப்பவை

மூடியே வைத்தால் நாலு மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள் வரை. மீனை முதல் நாளே குழம்பு வைத்துவிடுங்கள், மாவு எப்படியும் புளிக்கும், ஊத்தப்பம். இன்சுலின் வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம், திறந்த மருந்து 30 டிகிரிக்குள் நாலு வாரம் வரை பெரும்பாலும் தாங்கும், பாட்டில் தாளில் போட்டிருப்பதை ஒரு முறை பாருங்கள். புது மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி, மருந்தை ஈரம் புகாத டப்பாவில் போட்டு அதற்குள் நிழலில் வைத்தோம், பெரியப்பாவுக்கு 23 நாளும் அப்படித்தான் ஓடியது.

கரண்ட் வந்துவிட்டது

கைதட்டும் நேரம்தான், ஆனால் போகும்போது என்னென்ன ஆனில் இருந்தனவோ எல்லாம் ஒரே நொடியில் கிளம்பும். தெரு முழுக்க ஃப்ரிட்ஜ், ஏசி, அதோடு தோப்பில் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்த மோட்டார்கள் அத்தனையும். இதில் ட்ரான்ஸ்ஃபார்மர் ஃப்யூஸ் திரும்பப் போய், வந்த கரண்ட் ஐந்து நிமிடத்தில் போவது எங்களுக்குப் பழகிய காட்சி. கரண்ட் இல்லாதபோதே ஃப்ரிட்ஜ், ஏசி, மோட்டார் எல்லாவற்றையும் அணைத்து, ஆட்டோ ஸ்டார்ட்டரை மேனுவலுக்கு மாற்றி, ஒரே ஒரு விளக்கை மட்டும் ஆனில் விட்டுவிடுங்கள். வந்ததும் வோல்ட் மீட்டரைச் செருகி, மூன்று ஃபேஸ் என்றால் மூன்று பக்கமும் பாருங்கள். 215-லிருந்து 245-க்குள் பத்துப் பதினைந்து நிமிடம் ஆடாமல் நின்றால் முதலில் ஃபேன், அப்புறம் ஃப்ரிட்ஜ், டேங்க் காலியாகாவிட்டால் மோட்டார் மறுநாள் காலை. எங்கள் வீட்டில் அந்த ஒற்றை விளக்கு இன்னமும் சாமி படத்து மேல் இருக்கும் குண்டு பல்புதான். அம்மா எல்இடி மாற்றச் சொல்கிறார், நான் மாற்றவில்லை.